ஐஸ்லாந்துக்கு எந்த மாதம்? – காட்பாடிப் பயண நிறுவனம் ஒன்றின் சேவை

கத்திரி வெயிலுக்குத் தப்பி மே மாதத்தில் ஐஸ்லாந்து போய்வரலாம் என்ற எண்ணத்தோடுதான் நானும் என் மனைவியும் காட்பாடியில் உள்ள அந்தப் பயண நிறுவனத்தின் படியேறினோம். வேலூர்க்காரர்கள் எந்தப் பயணத்தையும் நம் ஊர் வெயிலை வைத்தே கணக்கிடுவோம் என்பது அங்கிருந்த இளைஞருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விலைப்பட்டியலை எடுக்கும் முன்பே, "அங்கே முக்கியமாக எதைப் பார்க்க ஆசைப்படுறீங்க, சார்?" என்று கேட்டார். இரவு வானில் வண்ணத் திரைபோல் அசையும் வடதுருவ ஒளி என்றேன். "அப்படின்னா மே வேண்டாம் சார், மாதம் பாதியைத் தாண்டினாலே அங்கே இரவு சரியா இருட்டாது" என்றார்.

ஜூன் பிற்பாதியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவுக்குப் பின் மறைந்து 3 மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரமும் அந்தி வெளிச்சம்தான். தீவின் நடுவிலுள்ள மேட்டுநிலச் சாலைகள் பனி கரைந்து பெரும்பாலும் ஜூன் பிற்பாதிக்கு மேல்தான் திறக்கும் என்பதால், மலை நடையில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஜூலையும் ஆகஸ்டும் ஏற்றவை. டிசம்பரில் பகல் வெளிச்சம் 4 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். செப்டம்பர் கடைசியிலோ, இரவும் பகலும் நம் ஊரைப் போலவே ஏறக்குறைய 12 மணி நேரம். சமதளச் சாலைகளில் பனித்தொல்லையும் பெரும்பாலும் இராது. அதனால் செப்டம்பர் கடைசி என்றே முடிவுசெய்தோம். இவற்றையெல்லாம் நாட்காட்டியைப் புரட்டிக் காட்டி விளக்கிய பொறுமைக்கு அவரைப் பாராட்ட வேண்டும். அன்றே முன்பணம் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. ஐஸ்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான தாள்களையும் ஒன்றுவிடாமல் சரிபார்த்துத் தந்தார்கள்.

குறை பயணத் திட்டத்தில் இருந்தது. மாதத்தை மாற்றியவர்கள், ஜூன் பயணிகளுக்கென்று வைத்திருந்த திட்டத்தையே மாற்றாமல் எங்களுக்கும் தந்துவிட்டார்கள். ரெய்க்யவிக்கிலிருந்து யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரிக்கு ஒரு வழிக்கே 370 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அதை ஒரே நாளில் போய்த் திரும்பும்படி வைத்திருந்தார்கள். ஜூன் வெளிச்சத்தில் எப்படியோ சமாளிக்கலாம். 12 மணி நேரப் பகலில் 10 மணி நேரம் வண்டியிலேயே கழிந்தது. ஏரியில் மிதந்த நீலப் பனிக்கட்டிகளை ஆற அமரப் பார்க்க முடியவில்லை. மறுநாள் டிர்ஹோலே என்ற கடலோரப் பாறை முனையில் பஃபின் என்னும் கடற்பறவைகளைக் காணலாம் என்று அச்சிட்டிருந்தது. அவை ஆகஸ்டிலேயே கடலுக்குப் போய்விடுபவை. வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வந்தோம். புறப்படும்போது பரிசாகத் தந்த குடையும் முதல் நாளே காற்றில் மடங்கி உடைந்தது. அங்கே கார் கதவையே இரு கையாலும் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லி அனுப்பியிருந்தால் குடைக்குப் பதிலாக மழைச்சட்டை எடுத்துப் போயிருப்போம். நாங்கள் போனது புரட்டாசி என்பதால் சைவச் சாப்பாடு வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தோம், அதில் குறையில்லை.

ஐந்து இரவுகளில் மூன்று மேகமூட்டத்தில் போயின. நான்காம் இரவு, அந்நாட்டு வானிலைத் துறையின் மேக வரைபடத்தைப் பார்த்து வண்டியோட்டி எங்களை ஊர் வெளிச்சம் எட்டாத இடத்துக்கு அழைத்துப் போனார். முதலில் மெல்லிய வெண்புகை போலத்தான் இருந்தது, மேகமென்றே நினைத்தேன். கால் மணி நேரத்தில் அதன் அடிவிளிம்பு பச்சையாகி, கொடியில் காயும் புடவை காற்றில் புரள்வதுபோல் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்தது. தண்ணீரில்லாத பாலாற்றைப் பார்த்தே வளர்ந்த என் மனைவிக்கு மட்டும் அதைவிட குல்ஃபோஸ் அருவிதான் பெரிதாகப் பட்டது.

காலத்தைத் தேர்ந்து சொல்வதில் இந்த நிறுவனத்தைத் தயங்காமல் நம்பலாம். திட்டத்தை அச்சிட்டுத் தரும்போது மட்டும், ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்றைய சூரிய உதயத்தையும் மறைவையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.