ஐஆர்க்யூபேலன்ஸா, கையால் எழுதுவதா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் லினக்ஸ் சர்வருக்கு 8 கோர். ஆனால் நெட்வொர்க் கார்டின் இன்டரப்ட் (பாக்கெட், அதாவது தரவுத் துண்டு வந்திருக்கிறது என்று கார்டு சிபியுவுக்குத் தரும் அழைப்பு) எல்லாம் ஒரே கோரின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. சரிசெய்ய இரண்டு வழி.

ஐஆர்க்யூபேலன்ஸ் பின்னணியில் ஓடும் நிரல். வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை சுமையைப் பார்த்து, இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பிரித்துவிடும். பலவித வேலை ஓடும் சர்வருக்கு இதுவே போதும்.

கையால் செய்வதென்றால், ஒவ்வொரு இன்டரப்டுக்கும் உரிய எஸ்எம்பி அஃபினிட்டி கோப்பில் கோரைக் குறிக்க வேண்டும். எழுதும் எண்ணில் ஒரு கோருக்கு ஒரு பிட்: 1 என்றால் கோர் 0, 2 என்றால் கோர் 1, 4 என்று எழுதினால் கோர் 2. கோர் எண் 0-இல் தொடங்குகிறது. எனக்குப் பிடித்தது இந்த வழிதான், காரணம் கேஷ், அதாவது கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம். பாக்கெட்டை வாங்கும் கோரிலேயே அதைப் படிக்கும் நிரலும் ஓடினால், தரவு பெரும்பாலும் கேஷிலேயே கிடைக்கும். தாமதமும் அதிகம் ஏறி இறங்காது. ரீபூட் ஆனால் எழுதியது போய்விடும், அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். அப்புறம், ஐஆர்க்யூபேலன்ஸை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதியதை அது மாற்றிவிடும்.

கார்டில் ஒரே க்யூ (பாக்கெட்டுகள் வந்து சேரும் வரிசை), அதனால் ஒரே இன்டரப்ட் இருந்தால் இரண்டு வழியும் பெரிதாக உதவாது. சுமை இடம் மாறுமே தவிர, பிரியாது. அங்கே ஆர்பிஎஸ்தான் கைகொடுக்கும்; வந்த பாக்கெட்டுகளை மென்பொருளிலேயே பல கோர்களுக்குப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி அது.