"திருத்திய மில்வாக்கி கபூஸ்" வாங்கப் போகிறீர்களா? மறுபக்கத்தைக் கேளுங்கள்

எச்.ஓ. அளவு (அசலில் 87இல் ஒரு பங்கு) மாடல் ரயில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. போன மாதம் 145 டாலர் கொடுத்து ஏமாந்தேன். இன்னொருவர் இதே ஆளிடம், அல்லது இதே மாதிரி ஆளிடம் மாட்டக் கூடாது.

இணைய ஏலத்தில் வந்த பொருள் அது. "மில்வாக்கி ரோடு பே விண்டோ கபூஸ், அசல் வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்தியது" என்று போட்டிருந்தார்கள். மில்வாக்கி ரோடு என்பது ஒரு அமெரிக்க ரயில்வேயின் பெயர். கபூஸ் என்றால் அமெரிக்கச் சரக்கு ரயிலின் கடைசியில் வந்த பணியாளர் பெட்டி, நம் ஊர் கார்டு பெட்டி மாதிரி. பே விண்டோ என்றால் சுவரிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் ஜன்னல். சரக்குப் பெட்டிகள் ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்கு மாறி நாடு முழுக்கச் சுற்றும். கபூஸ் பெரும்பாலும் சொந்த ரயில்வேயை விட்டு வெளியே போனதில்லை. அதனால் ஒவ்வொரு ரயில்வேயும் தனக்குப் பிடித்த மாதிரி கட்டிக்கொண்டது. பென்சில்வேனியா ரயில்வே 1942இல் கட்டிய என்5சி வகைக்குக் கப்பல் ஜன்னல் போல வட்ட ஜன்னல்கள். மில்வாக்கி ரோடு 1939 முதல் தன் சொந்தப் பட்டறையில் கட்டியவற்றுக்குப் பக்கத் தகட்டிலேயே நீளவாக்கில் புடைப்பு வரிகள், கூடவே பே விண்டோ. அந்த வரிகளுக்காகத்தான் இவ்வளவு பணம் கொடுத்தேன்.

வாங்கும் முன் இரண்டு பக்கமும் படம் கேட்டேன். அனுப்பினார். பார்சல் வந்த பிறகுதான் அந்தப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே ஜன்னலுக்குக் கீழே, பெயின்டில் ஒட்டிய ஒரே தூசி. முதல் படத்தையே இடவலமாகத் திருப்பி, எழுத்து தெரியாதபடி ஓரத்தை வெட்டி, மறுபக்கம் என்று அனுப்பியிருக்கிறார். நிஜமான மறுபக்கத்தில் வரிகள் அலை அலையாக இருந்தன. ஒன்று ஜன்னலுக்கு முன்பே நின்றுவிட்டது.

விளக்கின் கீழே வைத்து ஒரு வரியின் நுனியை நகத்தால் நெம்பினேன். நூல் மாதிரி உரிந்து வந்தது! மெல்லிய பிளாஸ்டிக் இழையை ஒட்டி, இடுக்கில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உரிந்த இடத்தில் அடியில் வேறொரு ரயில்வேயின் பெயர், பாதி எழுத்து தெரிந்தது. வழவழப்பான பக்கம் கொண்ட மலிவு விலைக் கூடு அது. ஒரே அச்சில் வார்த்து, பத்துப் பதினைந்து ரயில்வேக்களின் பெயரைப் போட்டு விற்கிற ரகம்.

அப்புறம் கீழே திருப்பிப் பார்த்தேன். போகி, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், சாதாரணச் சரக்குப் பெட்டியுடையது, சுருள் ஸ்பிரிங். கபூஸில் ஆட்கள் உட்கார்ந்து போனதால் அதிர்வு குறைய லாரியில் இருப்பது போலப் பட்டை ஸ்பிரிங் போகிதான் அதிகம் போட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தவர் கண்ணில் இது தப்பியிருக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பொம்மைக்கு யாராவது வரி எண்ணுவார்களா?" என்று ஒரே ஒரு பதில். அதன் பிறகு மௌனம். "திருத்தியது" என்று சொல்லித்தானே கூடுதல் விலை வாங்கினார்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இனி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த எண், எந்த வருடம், எந்தப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தீர்கள்?" என்பதுதான். மாடலில் எழுதியிருக்கும் எண்ணுக்கு உரிய அசல் பெட்டியின் படத்தைத் தேடுங்கள். படத்தின் தேதி முக்கியம், ஏனென்றால் ஒரே பெட்டிக்குப் பத்து வருடத்தில் ஜன்னலை அடைத்திருப்பார்கள், பெயின்டை மாற்றியிருப்பார்கள். வரிகளை எண்ணுங்கள். அடுப்புப் புகைக்குழாய் எந்த ஜன்னலுக்கு நேர் மேலே வருகிறது என்று பாருங்கள். அளக்க வெர்னியர் காலிப்பர் போதும். எச்.ஓ.வில் ஒரு அடிக்கு 3.5 மி.மீ., ஆக 33 அங்குலச் சக்கரம் 9.6 மி.மீ. இருக்க வேண்டும். மறுபக்கத்தைப் படமாகக் கேட்காதீர்கள், கையில் பிடித்துத் திருப்பிக் காட்டும் வீடியோவாகக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

என்னிடம் இருப்பதை மில்வாக்கியாக மாற்ற வழியே இல்லை. தகட்டோடு பிறந்த வரியை ஒட்டிக் கொண்டுவர முடியாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பெயின்டை எடுத்துவிட்டேன். சதர்ன் பசிபிக் ரயில்வே 1947 முதல் பே விண்டோ கபூஸ்கள் ஓட்டியது. அவற்றில் ஒன்றின் படத்தோடு இந்தக் கூட்டின் ஜன்னல் வரிசை ஓரளவு ஒத்துப்போகிறது. அச்சிலேயே வந்த பிடிகம்பிகளைச் சீவிவிட்டு, துளை போட்டு, 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துச் சொருகிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு முடிந்தது. பட்டை ஸ்பிரிங் போகிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.

அந்த விற்பனையாளர் இப்போது இன்னொரு "திருத்திய" கபூஸை ஏலத்தில் போட்டிருக்கிறார். அதிலும் ஒரு பக்கப் படம்தான் இருக்கிறது.