நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் செராமா கோழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருக்கும் தாமானுக்குப் (குடியிருப்புப் பகுதிக்குப்) பின்வேலி தாண்டினால் செம்பனைத் தோட்டம். பள்ளி விட்டு வந்தால் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக வழி குறைவு. நல்ல நீச்சல் வகுப்பு, ஓவிய வகுப்பு என்றால் ஈப்போவுக்குத்தான் போகவேண்டும். வீட்டுக்காரருக்கு ஆலையில் ஷிப்ட் வேலை என்பதால் அது ஒழுங்காக நடக்கவில்லை. மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஆறு வயது இருந்தபோது, கைப்பேசி யார் கையில் இருப்பது என்பதுதான் தினமும் சண்டை. அந்தச் சமயத்தில் ஒரு சேவலும் ஒரு பெட்டையுமாகச் செராமா வாங்கினோம். நான்கு ஆண்டு வளர்த்த பிறகு, வாங்க நினைக்கும் பெற்றோருக்காக எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

அதற்கு முன் கப்பி மீன் தொட்டி வைத்துப் பார்த்தோம். அழகுதான். ஆனால் தீனி போட்டதும் பிள்ளைகளின் வேலை முடிந்துவிடும், தொட்டி கழுவுவது என் தலையில் விழும். கைவேலைப் பெட்டிகள் வாங்கினோம், ஒவ்வொன்றும் ஒரு மதியத்தோடு சரி. மகன் சனிக்கிழமை போகும் சிலம்ப வகுப்பு மட்டும் இன்றும் தொடர்கிறது.

செராமா நம் நாட்டுக் கோழி, கிளந்தான் மாநிலத்தில் உருவான இனம். உலகிலேயே மிகச் சிறிய கோழி இனமாக இதைச் சொல்கிறார்கள். வளர்ந்த சேவலே பொதுவாக அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். இதன் முட்டை ஐந்து சேர்ந்தால் கடை முட்டை இரண்டுக்குச் சமம். மார்பை நிமிர்த்தி, சிறகைச் செங்குத்தாக இறக்கி, வாலைத் தூக்கி நிற்பதுதான் இதன் அழகு. போட்டிகளில் மேசைமேல் நிற்கவைத்துப் பார்ப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் இரண்டு கைக்குள் அடங்கும், பழகினால் தோளில் ஏறி உட்காரும். பெரிய கோழியைக் கண்டு பயந்த என் மகன் இதை முதல் வாரமே தூக்கிவிட்டான்.

பிள்ளைகளை உண்மையில் கட்டிப்போட்டது முட்டை பொரிக்கும் வேலைதான். சிறிய மின்சாரப் பொரிப்புப் பெட்டி ஒன்று வாங்கினோம். முதல் தடவை எட்டு முட்டை வைத்து ஒரே ஒரு குஞ்சு வந்தது. பெட்டியின் திரை 37.5 பாகை காட்டியது. தனி வெப்பமானி வைத்துப் பார்த்தால் உள்ளே 39. எந்தப் பெட்டி வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் முட்டை வைக்காதீர்கள். அடுத்த தடவை சரிசெய்து வைத்தோம், பன்னிரண்டில் ஏழு பொரிந்தன. மகளுக்குச் சதவீதம் புரிந்தது அன்றைக்குத்தான்.

முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்பவேண்டும்: பள்ளிக்குக் கிளம்புமுன் மகன், மதியம் மகள், இரவு நான். ஏழாம் நாள் இருட்டறையில் கைவிளக்கு ஒளியில் முட்டையைப் பார்ப்போம். கரு வளர்ந்திருந்தால் சிலந்திக் கால்போல் ரத்த நாளங்கள் தெரியும்.

"தாத்தா, இது கூமுட்டையா?" என்றான் மகன் ஒரு முறை.

"இல்லடா, நரம்பு ஓடுது பாரு. உள்ள ஆள் இருக்கு" என்றார் என் அப்பா.

அவர் பால்மரம் (ரப்பர்) சீவியவர், தோட்டத்து லயத்து வீட்டில் கோழி வளர்த்தவர். கூமுட்டை என்றால் பொரிக்காமல் கெட்டுப்போகும் முட்டை; பிள்ளைகளுக்கு அது அதுவரை பள்ளியில் திட்டும் சொல் மட்டும்தான். அடை வைப்பது, அடைக்கோழி, கொக்கரிப்பு என்று எத்தனையோ சொற்கள் தாத்தாவிடமிருந்து வந்தன. அவரோடு பேச இவர்களுக்கு விஷயமும் கிடைத்தது. இதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

சாதாரணக் கோழிக்கு 21 நாள். எங்கள் செராமா 19 அல்லது 20-ஆம் நாளே ஓட்டைக் கொத்தத் தொடங்கிவிடும். அதற்கு மூன்று நாள் முன்பே திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்டி, பெட்டியைத் திறக்காமல் விடவேண்டும். பிள்ளைகளுக்குக் கஷ்டமான மூன்று நாள் அவை. குஞ்சுகள் கட்டைவிரல் அளவு. தண்ணீர்த் தட்டில் விழுந்தே செத்துப்போகும் என்பதால் தட்டு நிறையக் கோலிக்குண்டு போடுங்கள். தீனியையும் அரைத்துப் பொடியாக்கித்தான் வைக்கவேண்டும். முதல் வாரம் விளக்குச் சூடு 35 பாகை அளவில் இருக்கட்டும், பிறகு வாராவாரம் குறைத்துக்கொண்டு வரலாம். செராமாவில் நிறம் தாய் தகப்பனைப்போல் அப்படியே வராது. இரண்டு கறுப்புக்கு வெள்ளைக் குஞ்சு பிறந்ததும் மகள் ஒரு நோட்டில் வம்சப் படம் போட ஆரம்பித்தாள். இப்போது மூன்றாவது நோட்டு.

இனி கஷ்டங்கள். இரண்டாம் ஆண்டு ஒரு மழை இரவில் மலைப்பாம்பு புகுந்து முதல் சேவலை விழுங்கிவிட்டது. அறுகோணக் கம்பிவலைதான் கட்டியிருந்தோம். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், பாம்பையும் மரநாயையும் தடுக்காது. மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேறு சேவல் வாங்கித் தருகிறேன் என்று நான் அவசரப்பட்டது தவறு, இப்போது அது எனக்குத் தெரிகிறது. அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு அரை அங்குலச் சதுரவலையைக் கூண்டு முழுக்க, தரையடியிலும் சேர்த்துக் கட்டினார். முடித்த பிறகுதான் பையன் பழையபடி பேசினான்.

தீனி சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தோட்டத்தில் எலியைப் பிடிக்கும் கூகை (ஆந்தை) தங்கப் பெட்டி வைத்திருந்தாலும் நம் வீட்டுத் தீனியை நாம்தான் மூடிவைக்கவேண்டும். வெள்ளைக் கழிச்சல் என்ற கோழித் தொற்றுநோய் வந்தால் கூண்டே காலியாகிவிடும் என்பதால் தடுப்பு மருந்தை விடாதீர்கள், கண்ணில் ஒரு சொட்டுதான். நூறு கோழிக்கான குப்பியாகத்தான் எங்களுக்குக் கிடைக்கிறது, கலக்கினால் உடனே பயன்படுத்தவேண்டும். அதனால் தாமானில் கோழி வைத்திருக்கும் நான்கு வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் சேர்ந்து போடுகிறோம். குஞ்சுக்கு முத்தம் கொடுக்க விடாதீர்கள். சால்மொனெல்லா கிருமி கோழியில் இருக்கக்கூடும், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எங்கள் வீட்டில் கட்டாயம்.

சேவல் சிறியதாக இருந்தாலும் கூவும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) எழுந்துவிடுகிறார் என்று தெரிந்ததும், இரவில் காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டிக்குள் விட்டு ஏழு மணிக்குத் திறக்க ஆரம்பித்தோம். மாதத் தீனி எங்களுக்குப் பதினைந்து வெள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தீபாவளி சமயத்தில் இதுதான் பெரிய தலைவலி.

மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. இடைநிலைப்பள்ளிக்குப் போனபிறகு கூண்டுப் பக்கம் வருவது குறைந்துவிட்டது, நோட்டு மட்டும் அவள் பொறுப்பு. நான் வற்புறுத்தவில்லை. மகன்தான் முழு ஆள். கைப்பேசி கேட்பது நிற்கவில்லை, ஆனால் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை அவனுக்கு அது நினைவில் இருப்பதில்லை.

ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், இறுக்கிப் பிடித்துவிடும். வாங்குவதாக இருந்தால் ஒரு சேவலுக்கு இரண்டு பெட்டையாக, நேரில் பார்த்து, கண் தெளிவாக, எச்சம் கெட்டியாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கூண்டை முதலில் கட்டுங்கள்.