செஃபாரியா: கருக்கலைப்பு பற்றிய யூத மூலநூல்களைத் தேடிப் படிக்க ஓர் இணைய நூலகம்

கருக்கலைப்பை யூத மதம் அனுமதிக்கிறது என்று ஒரு சாராரும், தடுக்கிறது என்று மற்றொரு சாராரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். இருவரும் எந்த நூலை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று பார்க்கத்தான் செஃபாரியா என்ற இணைய நூலகத்தைத் திறந்தேன். கட்டணம் இல்லை, படிப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை.

யூத வேதத்தின் யாத்திராகமம் 21:22இல் தொடங்கினேன். இருவர் சண்டையிடும்போது கர்ப்பிணி ஒருத்தி அடிபட்டுக் கரு கலைந்துபோனால், வேறு சேதம் இல்லாதபட்சத்தில் அடித்தவன் அபராதம் கட்ட வேண்டும். சேதம் நேர்ந்தால் உயிருக்கு உயிர். வசனத்தைத் தொட்டதும் பக்கவாட்டில் ஒரு பகுதி விரிந்து, 11ஆம் நூற்றாண்டு ராஷி முதலான உரையாசிரியர்கள் அதே இடத்துக்கு எழுதியவற்றைக் காட்டுகிறது. 'சேதம்' என்பதற்கு மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் 'அசோன்'. அது தாய்க்கு நேர்வது என்று ரபீக்கள், அதாவது யூத மத அறிஞர்கள், பொருள்கொண்டதால், கருவின் இழப்புக்கு மரண தண்டனை இல்லை என்றாயிற்று. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ அதே இடத்தில் உருப்பெற்ற சிசு, உருப்பெறாத சிசு என்று பிரித்துவிட்டது. கிறித்தவ மரபு வேறு வழியில் போனதில் இந்த ஒரு சொல்லுக்கும் பங்குண்டு.

அடுத்து, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ஓஹலோத் என்ற பகுதியில் 7:6. பிரசவம் சிக்கலாகித் தாயின் உயிருக்கு ஆபத்து வந்தால், கருப்பையில் உள்ள சிசுவை உறுப்பு உறுப்பாக வெட்டி எடுக்கலாம், அவள் உயிரே முந்தியது என்கிறது அது. சிசுவின் பெரும்பகுதி வெளிவந்துவிட்டால் தொடக்கூடாது, ஓர் உயிருக்காக இன்னோர் உயிரைத் தள்ளலாகாது என்றும் அங்கேயே சொல்கிறது. படிக்கச் சற்றுக் கலக்கமாகத்தான் இருக்கிறது. வெளியுலகுக்கு வராதவரை அது முழு உயிர் அன்று என்பது, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதியில் 72ஆ பக்கத்துக்கு ராஷி தரும் விளக்கம். 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ், தாயைக் கொல்லத் துரத்துபவனுக்குச் சமம் என்பதால்தான் அந்தச் சிசுவை அகற்றலாம் என்று எழுதினார். முழு உயிர் இல்லை என்றால் துரத்துபவன் என்ற காரணம் எதற்கு? பிற்கால ரபீக்களின் பிணக்கு பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியதே. 20ஆம் நூற்றாண்டில், குழந்தைப் பருவத்திலேயே உயிரைப் பறிக்கும் பரம்பரை நோயான டே-சாக்ஸ் உள்ள கருவைக் கலைக்கக் கூடாது என்று ரபீ மோஷே ஃபைன்ஸ்டைனும், ஏழாம் மாதம்வரை கலைக்கலாம் என்று ரபீ எலியேசர் வால்டன்பர்கும் தீர்ப்பளித்தார்கள். இருவருமே வைதிக யூதர்கள்.

ரபீ ஸ்டைன்சால்ட்ஸின் தல்மூத் மொழிபெயர்ப்பு 2017 முதல் இங்கே இருக்கிறது. அதில் மூலத்தின் சொற்கள் தடித்த எழுத்திலும், விளக்கத்துக்காகச் சேர்த்தவை சாதாரண எழுத்திலும் இருக்கின்றன. முதல் 40 நாள் கரு வெறும் நீர் என்ற, தல்மூத்தின் யெவமோத் பகுதி 69ஆ பக்க வரியைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனிப்பது அவசியம். ஆசாரியன் மகள் ஆசாரியர்களுக்குரிய காணிக்கைப் பங்கை உண்ணலாமா என்ற விவாதத்தின் நடுவில்தான் அது வருகிறது, கருக்கலைப்புச் சட்டமாக அன்று.

இடைமுகம் ஆங்கிலத்திலும் எபிரேயத்திலும் இருப்பது நம்மவர்களுக்குச் சிரமந்தான். ஒரு தலைப்பில் மேற்கோள்களைத் திரட்டிப் பயனர்கள் தொகுத்துப் போடும் மூலத்தாள்கள் தொகுத்தவரின் சாய்வோடு வருபவை என்பதால், அவற்றைக் கடைசியில் படிப்பது நல்லது. புதியவர்கள் ஓஹலோத் 7:6ஐத் திறந்து, பக்கவாட்டு இணைப்புகள் வழியே மைமோனிடிஸுக்குப் போகலாம்.