கவிழ்த்து வைத்த துரும்பு: மலையக வீட்டில் வீ யூவும் ஸ்விட்ச் 2வும்

முந்நூற்றிநாலு ஆடத் தெரிந்தவருக்கு இரண்டாம் திரையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. துரும்பு வைப்பவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். அது என்னவென்று அவருக்கு மட்டும் தெரியும், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். 2012 நவம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட வீ யூ என்ற வீடியோ கேம் கன்சோலோடு வந்த, திரை பதித்த கட்டுப்பாட்டுக் கருவியான கேம்பேட்தான் அந்தக் கவிழ்த்த சீட்டு. டீவி எல்லோருக்கும் பொது. கையிலிருக்கும் 6.2 அங்குலத் திரை ஒருவருக்கு மட்டும். இதைப் புரிந்து செய்த விளையாட்டுகளுக்கு இன்றும் ஈடு வரவில்லை. புரியாதவர்கள் வரைபடத்தைக் கீழ்த்திரைக்குத் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள்.

வீ யூவின் தயாரிப்பு 2017 ஜனவரியில் நின்றது. விற்றது 1 கோடி 35 லட்சம் சொச்சம். அதற்கு முந்திய வீ 10 கோடியைத் தாண்டியது என்பதைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சறுக்கல் என்று தெரியும். இன்று கிடைப்பவை பாவித்த பெட்டிகள்தாம். புதிதாக வாங்க நினைப்பவர் முன்னால் இருப்பது 2025 ஜூன் 5 அன்று வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து வீடு ஒன்றுக்கு எது பொருந்தும் என்பதை வைத்தே இரண்டையும் இங்கே பார்க்கிறோம்.

வீ யூவை எடைபோட ஒரே ஒரு டிஸ்க் போதும்: நின்டெண்டோ லேண்ட். பல நாடுகளில் 32 ஜிபி கறுப்புப் பெட்டியோடு சேர்ந்தே வந்தது. உள்ளே 12 விளையாட்டுகள். அதில் லூய்ஜியின் பேய் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பேட் வைத்திருப்பவர்தான் பேய். டீவியில் பேய் தெரியாது, மின்னல் வெட்டும்போது மட்டும் ஒரு கணம் தெரிந்து மறையும். மற்ற நால்வரும் பழைய வீயின் கைக்கருவியான வீ ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு டார்ச்சோடு அலைவார்கள். பேய் நெருங்க நெருங்க ரிமோட் கையில் அதிரும். எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் யாருடைய ரிமோட் உறுமுகிறது என்று கேட்டுவிடும். "உன் பக்கம், உன் பக்கம்" என்ற கூச்சல் தொடங்கும். டார்ச் பேட்டரியும் தீர்ந்துகொண்டே போகும். பேய் வேடக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிறிய திரையையே பார்த்திருப்பார். ஒரு சுற்று சில நிமிடம்தான், விளங்கிக்கொள்ள வாசிப்பு தேவையில்லை. வீடியோ கேம் தொடாத பாட்டியும் இரண்டாம் சுற்றில் சேர்ந்துவிடலாம்.

இதற்கு நான்கு வீ ரிமோட் தேவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏஏ பேட்டரி. சில விளையாட்டுகள் சாதா ரிமோட்டை ஏற்காது, பிளஸ் வகைதான் கேட்கும். ஆகவே தேடும்போதே பிளஸ் ரிமோட்டாகத் தேடுங்கள்.

ஸோம்பியூ இன்னொரு நல்ல உதாரணம். பையைத் திறக்கக் கீழ்த்திரையைப் பார்த்தே ஆகவேண்டும், அதற்குள் டீவியில் பிணங்கள் வந்துகொண்டே இருக்கும். பார்வை கீழே போவதே அங்கே ஆபத்து. சூப்பர் மரியோ மேக்கரில் ஸ்டைலஸால் தளங்களை வரையலாம். மற்றப் பெரும்பாலான விளையாட்டுகளில் கண் மேலும் கீழுமாக ஓடிக் களைத்துப் போவதுதான் மிச்சம். மரியோ கார்ட் 8இன் கீழ்த்திரையை யாரும் ஓட்டும்போது பார்ப்பதில்லை.

ஒரே டீவி உள்ள வீட்டில்தான் கேம்பேடின் மற்றப் பயன் வெளிப்படுகிறது. ராத்திரி சீரியல் நேரத்தில் டீவியைக் கேட்டு வாக்குவாதப்பட வேண்டாம். விளையாட்டைக் கேம்பேடுக்கு மாற்றிக்கொண்டு ஓரமாக உட்காரலாம். நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் யூ, மரியோ கார்ட் 8, விண்ட் வேக்கர் எச்டி மூன்றும் இப்படி ஓடும். ஸ்பிளட்டூனுக்கும் நின்டெண்டோ லேண்டின் கூட்டாட்டத்துக்கும் டீவி கட்டாயம். கேம்பேடின் தெளிவு 854க்கு 480 மட்டுமே, இன்றைய போனுக்குப் பழகிய கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் பட்டனை அமுக்குவதற்கும் படம் அசைவதற்கும் இடையிலான தாமதம் பல டீவிகளைவிடக் குறைவு.

தூரத்துக்கு வருவோம். கேம்பேட் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கன்சோலோடு நேராகப் பேசுகிறது, வைஃபை ரவுட்டரோ டேட்டாவோ வேண்டாம். சொல்லப்பட்ட எல்லை ஏறக்குறைய 8 மீட்டர். லயத்துக் காம்பராவுக்குள் தாராளமாகப் போதும். இஸ்தோப்பில் உட்கார்ந்து ஆட நினைத்தால் இடையில் இருக்கும் சுவர்தான் விதி எழுதும். பழைய லயங்களின் கருங்கல் சுவர் இந்த அலையை நன்றாக விழுங்கும், பலகைத் தடுப்பு அவ்வளவு பாதிக்காது. படம் திக்கித் திக்கி வந்தால் கன்சோலை டீவி மேசையின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக் கதவுக்கு நேரே உயரத்தில் வையுங்கள்.

கரண்ட் போனால் கதை முடிந்தது. கேம்பேடில் பேட்டரி இருக்கிறது என்று ஏமாறக் கூடாது. விளையாட்டு ஓடுவது கன்சோலில், கேம்பேட் அதன் கண்ணாடி மட்டும். ஆட்டத்தின்போது கன்சோல் 35 வாட் அளவுதான் இழுக்கும், ஆகவே ஒரு சின்ன யூபிஎஸ் ஆட்டத்தைச் சேமித்து அணைக்கும்வரை தாங்கும். கேம்பேடின் மூல பேட்டரி 1500 எம்ஏஎச், புதிதில் 3 முதல் 5 மணி நேரம் வந்தது. இத்தனை வருடம் கழித்து அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். பின்மூடியைச் சின்ன ஸ்குரூடிரைவரால் கழற்றி 2550 எம்ஏஎச் பேட்டரியைப் போடலாம்.

பாவித்த பெட்டி வாங்கும்போது முதலில் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். ஜப்பான் பெட்டியில் 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டியில் 120 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் 230 வோல்டில் நேரே செருகினால் அடாப்டர் போய்விடும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வைப்பதைவிட 15 வோல்ட், 5 ஆம்பியர் வெளியீடு உள்ள ஐரோப்பிய வீ யூ அடாப்டரை வாங்குவது சுத்தமான வழி. பலர் தவறுவது அடுத்த இடத்தில்: கேம்பேடுக்குத் தனிச் சார்ஜர் உண்டு. கன்சோலின் அடாப்டரை மாற்றிவிட்டு இதை மறந்து செருகினால் சார்ஜரை எரித்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

வோல்ட் பிரச்சினையைத் தீர்த்தாலும் பிரதேசப் பூட்டு நிற்கும். ஜப்பான் கன்சோலில் ஜப்பான் டிஸ்க் மட்டும்தான் ஓடும், மெனுவும் ஜப்பானிய மொழியில் மட்டும். விலை மலிவு என்று மயங்க வேண்டாம். இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ உறவினர் இருப்பவர்கள் ஐரோப்பியப் பெட்டியாகப் பார்ப்பது நல்லது, டிஸ்க் தேடுவது சுலபம். கேம்பேட் இல்லாத பெட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். அது இல்லாமல் கன்சோலின் பாதி வேலை நடக்காது, வேறு பிரதேசத்துக் கேம்பேடைச் சேர்த்தால் அப்டேட்டில் சிக்கல் வரும்.

இப்போது அதிகம் பேசப்படும் பழுது 160-0103 என்ற பிழை எண். உள்ளே இருக்கும் நினைவகச் சிப் கெட்டால் வருவது; பல வருடம் அலுமாரியில் கிடந்த பெட்டிகளில் அடிக்கடி காணப்படுகிறது. சாதாரண ரிப்பேர் கடையில் இதற்கு வைத்தியம் கிடைக்காது.

பனியும் புகையும் நம் ஊர்ச் சேர்க்கை. விறகடுப்புப் புகை போகும் வழியில் கன்சோலை வைத்தால் ஃபேனில் பிசுபிசுப்பான கரி படியும், பிறகு ஃபேன் இரைச்சல் போடும். ஈரம் டிஸ்க் லென்ஸைப் பழுதாக்கும். பாவிக்காத நாட்களில் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கும்போது ப்ளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் கேபிள் வழியாக டீவிக்கு வரும் மின்னல் அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்கும் தாவும். எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றுங்கள்.

ஒன்லைன் பக்கம் வீ யூ இறந்த பெட்டி. இணையக் கடை 2023 மார்ச்சில் வாங்கலை நிறுத்தியது, ஒன்லைன் ஆட்டம் 2024 ஏப்ரலில் நின்றது. டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வீட்டுக்கு இது அவ்வளவு பெரிய நட்டமில்லை. டிஸ்க் போட்டால் ஓடும், அவ்வளவுதான் வேண்டும்.

ஸ்விட்ச் 2 வீ யூவின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டது. டீவியை விடுவிக்கும் வேலையை இது பல மடங்கு நன்றாகச் செய்கிறது. டீவியோடு இணைக்கும் டொக்கிலிருந்து தூக்கினால் 7.9 அங்குலத்தில் 1080பி படம். கரண்ட் போனாலும் ஆட்டம் தொடரும். விளையாட்டைப் பொறுத்து 2 முதல் 6.5 மணி நேரம். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிரதேசப் பூட்டும் இல்லை. ஜப்பானில் மட்டும் விற்கும் ஜப்பானிய மொழிப் பதிப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பழைய ஸ்விட்ச் அடாப்டர், கையில் வைத்து ஆடும்போது சார்ஜ் செய்ய உதவலாம், ஆனால் ஸ்விட்ச் 2 டொக்கில் டீவி ஆட்டத்துக்கு அதன் வலு பற்றாது.

டொக்கில் வைத்ததும் அதன் சொந்தத் திரை அணைந்துவிடும். கவிழ்த்த சீட்டு அங்கே இல்லை. கேம்ஷேர் என்ற வசதியில், அதை ஏற்கும் விளையாட்டு ஒருவரிடம் இருந்தால் பக்கத்திலுள்ள மற்ற ஸ்விட்சுகளுக்கும் பகிர்ந்து ஆடலாம், ஆளுக்கொரு திரையும் கிடைக்கும். ஆனால் ஆளுக்கொரு கன்சோலும் வேண்டும். ஐந்து பேர் கூடும் வீட்டில் அந்தக் கணக்கு உதைக்கும்.

மலையகத்தில் இதைவிடக் கவனிக்க வேண்டியது கேம்-கீ கார்டு. பெட்டியில் கார்டு இருக்கும், கார்டில் விளையாட்டு இருக்காது. முழுவதையும் இறக்கித்தான் ஆடவேண்டும். மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவருக்கு ஒரு பெரிய விளையாட்டே மாதப் பக்கேஜைத் தின்றுவிடும். அட்டைப் பெட்டியின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் சாவிப் படத்தோடு அறிவிப்பு இருக்கும், காசு கொடுக்குமுன் பாருங்கள். சைபர்பங்க் 2077 போல முழு விளையாட்டும் கார்டிலேயே வருபவையும் உண்டு. உள்ளக நினைவகம் 256 ஜிபி. கூட்ட வேண்டுமென்றால் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டைதான் வேலை செய்யும். போனில் போடும் சாதாரண மைக்ரோஎஸ்டியில் விளையாட்டைச் சேமிக்க முடியாது.

ஒருவரோ இருவரோ ஆடும் வீட்டுக்கு, கரண்ட் அடிக்கடி போகும் இடத்துக்கு, ஸ்விட்ச் 2. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பத்துப் பேர் கூடி ஒரு டீவிக்கு முன்னால் குந்தும் வீட்டுக்கு, நல்ல நிலையில் ஒரு ஐரோப்பிய வீ யூ. அதை வாங்கும் இடத்திலேயே செருகிப் பாருங்கள். கன்சோலின் சிங்க் பட்டனை அமுக்கிக் கேம்பேடை இணைக்கும்போது டீவியில் சீட்டுக்கட்டுச் சின்னங்கள் நான்கு வரும், அதே வரிசையைக் கேம்பேடில் தொட வேண்டும். தொடுகை நான்கு மூலைகளிலும் பிடிக்கிறதா, டிஸ்க் போட்டதும் கிறீச்சிடாமல் இழுக்கிறதா, பத்து நிமிடம் ஆடியும் பிழை எண் வராமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசை எடுங்கள்.