மாங்கூழ் ஆலையில் ஒரு விசித்திரமான பின் கட்டுப்படுத்தி: லினக்ஸ் டிரைவர் எழுதி ஓட்டிய அனுபவம்

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் செய்து கொடுத்த கட்டுப்பாட்டு போர்டு சில மாம்பழ சீசன்களைப் பார்த்துவிட்டது. அதனோடு சேர்ந்த பின் கட்டுப்படுத்திக்கு, அதாவது ஒவ்வொரு பின்னும் (சிப்பின் இணைப்புக் கால்) எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று திருப்பிவிடும் பகுதிக்கு, நான் எழுதிய கர்னல் டிரைவரும் கூடவே ஓடுகிறது. கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; டிரைவர் என்பது அது ஒரு ஹார்டுவேரோடு பேச உதவும் நிரல். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பின்களின் வேலையை நிர்வகிக்கும் லினக்ஸின் பின்கன்ட்ரோல் அமைப்பை நம்பலாம். ஆனால் ஹார்டுவேர் எப்படி இருக்கிறதோ அப்படியே அதற்குச் சொல்ல வேண்டும். நம் வசதிக்கு வளைத்துச் சொன்னால் பிறகு ஒவ்வொரு இடத்திலும் முட்டும்.

முதன்மைச் சிப் ஏஎம்3358, பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினி போர்டில் இருப்பதேதான். அதன் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு 32 பிட் ரெஜிஸ்டர் (அமைப்புகளை எழுதி வைக்கும் சிப்பின் உள் இடம்) உண்டு. கடைசி மூன்று பிட்டுகள் அந்தப் பின் எட்டு வேலைகளில் எதைச் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும்; அடுத்தவை புல்-அப், புல்-டவுன் (யாரும் இயக்காதபோது பின்னை மேல் அல்லது கீழ் மின்னழுத்தத்துக்கு இழுத்து வைப்பது) போன்றவை. இப்படி ஒழுங்கான அமைப்புக்கு யாரும் புதிதாக டிரைவர் எழுத வேண்டியதில்லை. கர்னலில் ஏற்கெனவே இருக்கும் பின்கன்ட்ரோல்-சிங்கிள் டிரைவருக்கு டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன ஹார்டுவேர் உண்டு என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) நாலு வரி எழுதினால் போதும்.

எங்கள் சிக்கல் அதனோடு இணைந்த டெர்மினல் போர்டில் இருந்தது. வால்வு, மோட்டார், லெவல் சென்சார் எல்லாவற்றின் கம்பிகளும் வந்து சேரும் டெர்மினல்களை ஒரு சிபிஎல்டி சிப் (உள் இணைப்புகளை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) திசை திருப்புகிறது. நான் சொன்ன விசித்திரமான பின் கட்டுப்படுத்தி இதுதான். எஸ்பிஐ என்ற, சிப்புகளுக்கிடையே பிட் பிட்டாகத் தகவல் அனுப்பும் பஸ் வழியாகத்தான் அதனோடு பேச முடியும். ஒரு பிட்டை மாற்றினால் நான்கு டெர்மினல்கள் சேர்ந்தே மாறும். எழுதியதைத் திரும்பப் படிக்கவும் முடியாது.

நான்கும் சேர்ந்து மாறுவது முதலில் பெரிய குறையாகத் தெரியும். பின்கன்ட்ரோலுக்கு அது குறையே இல்லை. 2012 ஜனவரியில் வெளிவந்த 3.2 கர்னலில் நுழைந்தபோதே, அந்த அமைப்பு தனிப் பின்னை அல்ல, பின் குழுவைத்தான் வேலை மாற்றும் அலகாக வைத்திருந்தது. குழுவின் பெயர், அதிலுள்ள பின்கள், அந்தக் குழு செய்யக்கூடிய வேலைகள் ஆகியவற்றை அட்டவணையாகக் கொடுத்துவிட்டு, வேலையை மாற்றும் செட்_மக்ஸ் என்ற ஒரு ஃபங்ஷனை எழுதினால் பாதி டிரைவர் முடிந்தது. தனித்தனிப் பின்னாக மாற்ற முடியும் என்று பாவனை செய்யும் டிரைவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு பின்னைக் கேட்டவருக்குத் தெரியாமல் பக்கத்து மூன்றும் மாறிவிடும். கூழ் வால்வு, தண்ணீர் வால்வு இருக்கும் இடத்தில் அது விளையாட்டு இல்லை.

படிக்க முடியாத ரெஜிஸ்டருக்கு ரெஜிஸ்டர் எழுத்துகளைக் கையாளும் கர்னலின் ரெக்மேப் அமைப்பு வைத்திருக்கும் நகல், அதாவது கேஷ்தான் வழி. கடைசியாக எழுதியது நினைவில் இருக்கும். இதன் அருமை மின்வெட்டில்தான் புரிந்தது. முதன்மைச் சிப் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கும், டெர்மினல் போர்டு மட்டும் அணைந்து எழும். எழுந்ததும் அதன் பாதைகள் எல்லாம் அழிந்திருக்கும். மின்சாரம் திரும்பியதைச் சொல்லும் கம்பி ஒன்றை இன்டரப்டாக (ஓடும் வேலையை நிறுத்திக் கர்னலைக் கூப்பிடும் சமிக்ஞை) இணைத்தோம். அது வந்ததும் டிரைவர் முதலில் எல்லா வெளியீடுகளிலும் பூஜ்யம் எழுதும். அப்புறம் பாதைகள் இருக்கும் பகுதியை மட்டும் கேஷிலிருந்து மீட்கும். வால்வை மீண்டும் திறக்கலாமா என்பதை இயந்திர நிரல் முடிவு செய்யட்டும். முழு கேஷையும் கண்ணை மூடிக்கொண்டு மீட்டால், மின்வெட்டுக்கு முன் திறந்திருந்த வால்வு தானாகத் திறந்துகொள்ளும்.

எஸ்பிஐ மெதுவானது, எழுதும்போது கர்னல் காத்திருக்க வேண்டும். அதனால் டிரைவரின் ஜிபிஐஓ (ஒரு பின்னை வெறும் ஆன்/ஆஃப் பின்னாகப் பயன்படுத்துவது) பகுதியில் 'கேன் ஸ்லீப்', அதாவது காத்திருக்க நேரும், என்று சொல்லியே ஆக வேண்டும். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளிருந்து இந்தப் பின்களைத் தொடக் கூடாது. காத்திருக்கக்கூடிய, தனி இழையாக ஓடும் திரெட் வடிவ ஹேண்ட்லர் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எஸ்பிஐ பஸ்ஸின் சொந்தப் பின்கள் முதன்மைச் சிப்பிலிருந்துதான் வர வேண்டும். அவையும் இந்தக் கட்டுப்படுத்தியைச் சார்ந்திருந்தால் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இரண்டுமே எழாது.

டிரைவரில் ஸ்ட்ரிக்ட் என்ற ஃபிளாகைப் போடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஒரு பின்னை ஒரு வேலைக்குக் கொடுத்த பிறகு, வேறொரு நிரல் அதையே ஜிபிஐஓவாகக் கேட்டால் கர்னல் மறுத்துவிடும். இதைப் போட்டபின் ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும்: டிவைஸ் ட்ரீயில் அதே பின்னுக்கு 'ஜிபிஐஓ' என்று ஒரு வேலையும் எழுதி, பிறகு ஜிபிஐஓவாகவும் கேட்டால் அதுவும் மறுக்கப்படலாம். ஜிபிஐஓ கேட்கும் போதே பாதையை மாற்றும் வேலையை டிரைவரிடம் விட்டுவிடுங்கள்.

பராமரிப்பில் எனக்கு அதிகம் உதவியது, கர்னல் தன் உள்நிலையைக் காட்டும் டீபக் கோப்புகள். பின்மக்ஸ்-பின்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் எந்தப் பின் யாரிடம் இருக்கிறது என்று வரிசையாக வரும். தோத்தாபுரி வரத்து உச்சத்தில், ஆலை இரவு பகலாக ஓடும்போது, ஓசூரில் உட்கார்ந்துகொண்டே அந்த ஒரு கோப்பை வாங்கிப் பார்த்துக் கோளாறு வயரிங்கிலா மென்பொருளிலா என்று பிரித்துவிடுகிறோம். குழுக்களுக்கு டெர்மினலில் அச்சிட்ட அதே பெயரை வைத்ததால் ஆலை எலக்ட்ரீஷியன் அண்ணனும் அதைப் படித்துச் சொல்லிவிடுவார்.

'கர்னல் எதற்கு, ரெஜிஸ்டரில் நேராக எழுதிவிடலாமே' என்று கேட்கும் தம்பிகளுக்கு: எங்கள் சிப் சேர்ந்த ஏஎம்335எக்ஸ் குடும்பத்தில் பின் ரெஜிஸ்டர்களை யூசர் ஸ்பேஸிலிருந்து, அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரலிலிருந்து எழுதினால், பிழை எதுவும் காட்டாமல் அந்த எழுத்து வீணாகும். சிறப்பு அனுமதி உள்ள நிலையில் ஓடும் கர்னல்தான் எழுத முடியும்.

டிரைவரால் தீராதது ஒன்று உண்டு. மின்சாரம் வந்ததிலிருந்து கர்னல் எழும் வரையுள்ள நொடிகளில் நம் டிரைவர் நிரல் எதுவும் ஓடாது. ரிலேயை இயக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட் முனையில் 10 கிலோ ஓம் புல்-டவுன் மின்தடை போட்டதும்தான் எங்கள் போர்டில் 'டக் டக்' சத்தம் நின்றது. பீகிள்போனில் பி8 என்ற பின் வரிசையின் (ஹெட்டர்) 31 முதல் 46 வரையுள்ள பின்களையும் கவனியுங்கள். ரீசெட்டின்போது எங்கிருந்து பூட் செய்வது என்று சிப் அவற்றைத்தான் படிக்கிறது. வெளி போர்டு அந்த நேரத்தில் அவற்றை இழுத்தால் பூட்டே ஆகாமல் போகலாம். அந்தப் பின்களின் கம்பிகளில் வெளி போர்டைப் பிரித்து வைக்கும் பஃபர் சிப் வைத்து, ரீசெட் முடிந்த பிறகு திறக்கும்படி இணையுங்கள்.