மிதக்கும் டாங்கியைக் கடற்கரையில் கட்டியபோது: 1/35 அளவு பி.டி.-76 மாதிரிப் பெட்டி குறித்து ஒரு மதிப்புரை

2023 நவம்பரில் வெளியான ‘பிப்பா’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் வரும் பி.டி.-76 டாங்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1971 நவம்பர் 20, 21 ஆகிய நாள்களில், முறையான போர் அறிவிப்புக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே, கிழக்குப் பாகிஸ்தானின் கரீப்பூரில் 14 பஞ்சாப் காலாட்படைக்குத் துணையாகச் சென்ற, இந்தியத் தரைப்படையின் 45 கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவின் 14 பி.டி.-76 டாங்கிகள் விடியற்காலைப் பனிமூட்டத்துக்குள் பாகிஸ்தானின் எம்-24 சாஃபி டாங்கிகளை எதிர்கொண்டு முறியடித்தன. அந்த அணியின் தலைவர் மேஜர் தல்ஜித் சிங் நாராக் சண்டையிலேயே உயிர்நீத்து, மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா என்ற வீர விருதைப் பெற்றார். அவருக்குப் பின் அணியை நடத்திய கேப்டன் பல்ராம் சிங் மேத்தா பிற்காலத்தில் எழுதிய நூலே படத்துக்கு அடிப்படை. இந்த டாங்கி தண்ணீரில் மிதக்கும் என்பதால், வடநாட்டில் நெய் டின்னைக் குறிக்கும் ‘பிப்பா’ என்ற சொல்லையே வீரர்கள் அதற்குச் செல்லப்பெயராக வைத்தார்கள். வலைக்கு மிதவையாகக் காலி கேனைக் கட்டிவிடும் எங்கள் மண்டபம் கரையில் அந்தப் பெயரின் பொருத்தம் யாருக்கும் விளக்காமலே புரியும்.

படம் பார்த்த சில வாரங்களில் இந்த டாங்கியின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியை வாங்கினேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என் கைக்கு வந்த ஒரு பெட்டியின் குறைகளை அந்நிறுவனத்தின் எல்லாப் பெட்டிகள் மேலும் ஏற்றுவது நியாயமாகாது என்று கருதுகிறேன். அஞ்சல் செலவு உட்பட 3,400 ரூபாய் ஆயிற்று. விற்றவர்கள் பெட்டியைச் சுற்றி ஒரு மெல்லிய உறை மட்டுமே போட்டு அனுப்பியிருந்தார்கள். மண்டபம் வந்து சேர்ந்தபோது பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, உள்ளே பீரங்கிக் குழல் வளைந்து, முன்தகட்டின் ஒரு விளிம்பு ஒடிந்திருந்தது. படம் எடுத்து அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் வரவில்லை. குழலை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, கண்ணாடியின் மேல் உருட்டி, நானே நிமிர்த்தினேன். கரையோர ஊர்களுக்குப் பொட்டலம் எத்தனை கை மாறி வருகிறது என்பதை அறிந்து கட்ட வேண்டியது விற்பவரின் கடமை. இது பெட்டியின் குறை அன்று, ஆனால் வாங்குகிறவர் முன்கூட்டியே வற்புறுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்.

இனி உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். போர்ப்படங்களைப் பார்த்து டாங்கி மாதிரி கட்டுகிறவர்கள் எதை அளவுகோலாகக் கொள்வது என்பது எப்போதும் ஒரு சிக்கல்தான். 1965-ஆம் ஆண்டின் ‘பேட்டில் ஆஃப் த பல்ஜ்’ படத்தில் ஜெர்மானிய டாங்கிகளாக ஓடுபவை அமெரிக்க எம்-47 பாட்டன்கள். ‘சேவிங் பிரைவேட் ரயான்’ படத்தில் வரும் டைகர் என்ற ஜெர்மானிய டாங்கிகள் சோவியத் டி-34 டாங்கிகளின் மேல் வேடம் கட்டியவை. 2014-இல் வந்த ‘ஃப்யூரி’யிலோ, 1943-இல் துனிசியாவில் பிடிபட்டு இன்று இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் உண்மையான டைகர் 131 நடித்திருக்கிறது. ஆகவே திரையில் கண்டதை விட்டுவிட்டு, வண்டி எதற்காக உருவாக்கப்பட்டதோ அதைக்கொண்டே மாதிரியை எடைபோடுவது என் வழக்கம். பி.டி.-76 நீந்துவதற்காக உருவாக்கப்பட்டது. கவசம் மெலிந்திருப்பதும், உடல் அகன்று நீண்டிருப்பதும், சக்கரங்கள் உள்ளே கூடாக இருப்பதும் அந்த ஒரே காரணத்தால்தான். இந்த மாதிரியின் தரமும் அங்கேதான் தெரிய வேண்டும், தெரியவும் செய்கிறது.

உண்மை வண்டியின் உடல் நீளம் 6.91 மீட்டர், அகலம் 3.14 மீட்டர். 35-ஆல் வகுத்தால் 197 மில்லிமீட்டரும் 90 மில்லிமீட்டரும் வர வேண்டும். என் அளவுகோலில் இரண்டும் அப்படியே வந்தன. அதைவிட முக்கியமானது முன்பகுதி. படகில் அணியம் என்று நாங்கள் சொல்லும் முகப்பைப் போலவே இந்த டாங்கியின் கீழ்முகமும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலேறும்படி சரிந்திருக்கும். அதன்மேல் மடித்து வைக்கப்பட்ட அலைத்தடுப்புத் தகடு, நீரில் இறங்கும்போது நிமிர்ந்து நின்று முன்னால் எழும் நீரை ஓட்டுநர் மேல் ஏறவிடாமல் விலக்கும். பெட்டியில் அந்தத் தகடு தனிப் பாகமாக, மடித்த நிலையிலும் நிமிர்த்திய நிலையிலும் பொருத்தும்படி, தாங்கு கம்பிகளுடன் கொடுக்கப்பட்டிருக்கிறது. பின்புறத்தில் நீரைப் பீய்ச்சும் இரண்டு வாய்கள் உண்டு. டாங்கி நீரில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடப்பக்க வாயின் மூடி அடைபடும், வலப்பக்கம் மட்டும் தள்ளும். சுக்கான் இல்லாமலே திருப்பும் இந்த ஏற்பாட்டை மூடிகளைத் திறந்தோ அடைத்தோ ஒட்டும்படி வடித்திருக்கிறார்கள். திறந்து ஒட்டினால் வாய்க்குள் ஆழமும் தெரிகிறது. வெறும் வட்டக் குழி அன்று.

என் தந்தை நாட்டுப்படகு கட்டியவர். உடலின் இரு பாதிகளையும் ஒட்டிக் காயவைத்திருந்தபோது, அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “ஏன்டா தம்பி, இதுக்கு ஏராவே இல்லையே, அலையில எப்படி நிக்கும்?” என்று கேட்டார். ஏரா என்பது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக் கட்டை. “அலைக்குக் கட்டுனது இல்லப்பா, ஆறும் குளமும் கடக்கத்தான்” என்றேன். “அப்படின்னா சரி. எதுக்கும் வெள்ளோட்டம் விட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளோட்டத்தைத்தான் இந்த மதிப்புரையில் நான் மிகவும் சொல்ல விரும்புகிறேன். உண்மை வண்டியின் எடை ஏறத்தாழ 14 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 35-இல் ஒரு பங்காகக் குறையும்போது கொள்ளளவு 42,875-இல் ஒரு பங்காகிறது. எனவே மாதிரி உண்மையைப் போலவே தண்ணீரில் அமிழ்ந்து மிதக்க வேண்டுமானால் அதன் எடை ஏறத்தாழ 326 கிராம் இருக்க வேண்டும். சக்கரத் தண்டுகள் நுழையும் துளைகளையும் உடலின் மேல், கீழ்ப் பாதிகள் சேரும் பொருத்தையும் அடைக்க வேண்டியிருந்தது. படகில் பலகைகளுக்கு நடுவே பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடிப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்த கை என்பதால் எபாக்சி மாவை மெல்லிய திரியாக உருட்டி, பொருத்துக்குள் குச்சியால் அழுத்தி, மேலே வழித்தெடுத்தேன். தராசில் வைத்தபோது, சக்கரங்களும் கோபுரமும் தற்காலிகமாகப் பொருத்திய நிலையில், 326-க்கு வெகுவாகக் குறைந்திருந்தது. வலையில் கட்டும் சிறு ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எஞ்சின் பின்புறம் இருப்பதால் பெரும்பகுதியைப் பின்னால் வைத்தேன்.

அண்டாத் தண்ணீரில் இறக்கியபோது மாதிரி ஒரு பக்கமும் சாயாமல், மேல்தட்டுக்குச் சற்றே கீழே நீர்க்கோடு நிற்க, கோபுரமும் குழலும் மட்டும் எடுப்பாகத் தெரிய மிதந்தது. பி.டி.-76 ஆற்றைக் கடக்கும் புகைப்படங்களில் காணும் தோற்றம் அதுவேதான். உடலின் கொள்ளளவில் சிறிது பிசகியிருந்தாலும், அகலத்தில் சில மில்லிமீட்டர் கூடியோ முகத்தின் சரிவு செங்குத்தாகவோ இருந்திருந்தாலும், நீர்க்கோடு காட்டிக்கொடுத்திருக்கும். அளவுகோலால் பார்ப்பது நீள அகலத்தை மட்டுமே. தண்ணீரோ முழு உடலையும் ஒரே நேரத்தில் அளந்துவிடுகிறது. இந்தச் சோதனையில் பெட்டி முழு மதிப்பெண் பெறுகிறது. அந்த நீர்க்கோட்டைப் பென்சிலால் சுற்றிலும் குறித்துக்கொண்ட பிறகே மற்ற வேலைகளுக்குப் போனேன்.

மற்ற பகுதிகளில் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. பக்கத்துக்கு ஆறாக 12 சக்கரங்களும் சுத்தமாக வந்திருக்கின்றன. கோபுரத்தின் பெரிய ஒற்றை மூடி முன்பக்கமாக நிமிர்ந்து திறக்கும் வகையில் அமைந்திருக்கிறது; இந்த வண்டியில் தலைவரே சுடுபவராகவும் இருப்பார், குண்டு போடுபவர் அருகில் நிற்பார், ஓட்டுநர் முன்னால் தனியே என்று மூவர் மட்டுமே என்பதால் அந்த ஒரே மூடி இருவருக்கும் பொது. மூடியைத் திறந்து வைத்தால் கோபுரத்தின் உட்புறம் வெறுமையாகத் தெரிகிறது. பீரங்கியின் பின்பகுதி மட்டும் இருக்கிறது, இருக்கைகள் இல்லை. ஆகவே மூடியைச் சாத்தி ஒட்டுவது நல்லது, அல்லது ஒரு வீரர் பொம்மையை நிறுத்தி மறைக்க வேண்டும். சங்கிலிப்பட்டை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கும்படி தரப்பட்டிருக்கிறது. கோத்து முடித்தபின் தொய்வு இயல்பாக விழுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகள் பதிந்த இரண்டு வட்டத் தழும்புகள் இருக்கின்றன, அவற்றைச் சுரண்டித் தேய்க்க எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன. முதல்முறையாக டாங்கி கட்டுகிறவர் இந்த இடத்தில் மனம் தளரக்கூடும். ரப்பர்ப் பட்டை கொண்ட எளிய மாதிரி ஒன்றைக் கட்டிப் பழகிவிட்டு இதற்கு வருவதே சரி.

வண்ணம் பூசும் வேலையில் எங்கள் பகுதியின் காற்றைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். மண்டபத்திலும் பாம்பனிலும் இரும்பு எத்தனை விரைவில் துருவேறும் என்பதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் அரிப்புச் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. அந்த ஈரமும் உப்பும் வண்ணத்தையும் விடுவதில்லை. லாக்கர் வண்ணத்தை ஏர்பிரஷில் தெளிக்கும்போது கரைப்பான் ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கிறது, காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிகிறது, ஆலிவ் பச்சையின் மேல் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெண்மை படர்கிறது. கார்த்திகை மழைநாள் ஒன்றில் அவசரப்பட்டுத் தெளித்து, கோபுரத்தை முழுவதுமாகக் கழுவி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாகப் பூசுவது பாதுகாப்பு. ஏர்பிரஷ்தான் வேண்டுமென்றால் கம்ப்ரெஸருக்கு ஈரப்பொறி பொருத்தி, கச்சான் காற்று உலர்ந்து வீசும் ஒரு பகலுக்காகக் காத்திருக்கலாம். மணல் பறக்கும் நாளில் சன்னலை அடைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உப்பால் ஒரு நன்மையும் உண்டு. துருநிற அடிப்பூச்சின் மேல் நீர் தடவி, கல்லுப்பைத் தூவி, காய்ந்தபின் பச்சை வண்ணம் பூசி, உப்பை உதிர்த்துவிட்டால், வண்ணம் பெயர்ந்து இரும்பு தெரிவதுபோன்ற ஒழுங்கற்ற திட்டுகள் கிடைக்கும். உலகெங்கும் மாதிரி கட்டுகிறவர்கள் செய்யும் முறைதான் இது. வாலிநோக்கம் உப்பளத்து உப்பில் பொடியும் பரலும் கலந்திருப்பதால் திட்டுகள் ஒரே அளவாக இல்லாமல் இயல்பாக விழுகின்றன. ஆனால் இந்த டாங்கிக்கு அதை மிகக் குறைவாகவே பயன்படுத்தினேன். படகின் ஆணியிலும் நங்கூரத்திலும் துரு எங்கே தொடங்கி எப்படி வழியும் என்பதைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணியில் இருக்கும் ஒரு படைப்பிரிவின் டாங்கி கைவிடப்பட்ட விசைப்படகைப் போலத் துருப்பிடித்து நிற்காது. கரீப்பூரில் ஓடிய வண்டிகளின் மேல் இருந்திருக்க வேண்டியது வங்காளத்து வண்டல் சேறு. சங்கிலிப்பட்டையிலும் சக்கரங்களுக்கு நடுவிலும் சாம்பல் கலந்த பழுப்பில் சேற்றை ஈரமும் காய்ந்ததுமாக இரண்டு அடுக்காக வைத்தேன். பென்சிலால் குறித்த நீர்க்கோட்டுக்குக் கீழே மட்டும் மிகவும் நீர்த்த மங்கல் வண்ணத்தை மெல்லிய கழுவலாக ஓடவிட்டேன். நீரிலிருந்து ஏறிவந்த வண்டி என்பதை அந்த ஒரு கோடு சொல்லிவிடுகிறது.

பெட்டியின் உண்மையான குறை ஒட்டுப்படத் தாளில் இருக்கிறது. சோவியத் படை உட்பட மூன்று நாடுகளின் குறியீடுகளைக் கொடுத்தவர்கள், இந்த டாங்கியைப் போரில் நேரடியாகப் பயன்படுத்திய இந்தியாவை விட்டுவிட்டார்கள். இந்தியக் கடைகளில் இதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் 1971-ஐ மனத்தில் வைத்தே வாங்குகிறார்கள் என்பதைத் தயாரிப்பாளர் அறிந்திருக்க வேண்டும். ஊகித்து எண்களை எழுதி ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சண்டையில் உயிர் கொடுத்தவர்கள் ஏறிப்போன வண்டி அது. எனவே கோபுரத்தை எண்ணில்லாமலே விட்டிருக்கிறேன்.

டாங்கி மாதிரிகளில் ஓரளவு பழகிய கை உள்ளவர்களுக்கு 3,400 ரூபாய்க்கு இந்தப் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது கெட்டியான அட்டைப்பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்; வந்தவுடன் முன்தகட்டையும் குழலையும் முதலில் சரிபாருங்கள்; ஈயக்குண்டுகளை மேல்பாதியை ஒட்டுவதற்கு முன்பே நிலையாகப் பதித்துவிடுங்கள், பிறகு வழியில்லை. கட்டி முடித்தபின் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து, மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் உலர்த்தி மாற்றிவருகிறேன்; எட்டு மாதங்களாகியும் மெல்லிய பித்தளைத் தகட்டில் செதுக்கிய சல்லடைப் பாகம் கறுக்கவில்லை. முடிந்த வண்டியைத் தந்தையிடம் காட்டியபோது, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நீர்க்கோட்டைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். “பின்னால இன்னும் ஒரு குண்டு வச்சிருக்கலாம்” என்றார். அண்டாவில் மறுபடி விட்டுப் பார்த்தேன். முன்முகம் ஒரு மயிரிழை தாழ்ந்துதான் இருந்தது.